முத்திப்போன ஏழாம் மலை

போன திருவிழாவின்போது கம்போங் ராஜா கோவிலில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருந்த என்னை, எங்கள் பழைய தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். மூவரும் இப்போது அங்கே சூப்பர்வைசர்கள். ஒருவன் கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலில் இத்தனை வருஷமாக வந்த எண்களை எல்லாம் அதற்குள் போட்டு வைத்திருக்கிறார்களாம். எது அடிக்கடி வருகிறது, எது ரொம்ப நாளாக வரவில்லை, அடுத்து எதை எடுக்கலாம் என்று அதுவே பிரித்துச் சொல்கிறதாம். அந்தக் காலத்திலேயே நம் தோட்டத்துப் பெரிய கிராணி இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டாராமே, உங்களுக்குத் தெரியுமாமே என்று கேட்டார்கள்.

தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதை யோசிக்க ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குத் தலை சுற்றுகிறது. சாம்பார் ஆறிப்போகிறது, போங்கடா என்று விரட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு பதிலாவது சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போதாவது எனக்கும் ஏதாவது விளங்குகிறதா பார்க்கலாம்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் புல்வெட்டில் பேர் கொடுத்தவன். மருந்தடித்தேன், கொழுந்து லோரியில் மூட்டை ஏற்றினேன், திட்டு வாங்கினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கங்காணி ஆக்கினார்கள். அதற்குமேல் என் ஆரம்ப காலத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கங்காணி வேலை என்றால் விசில் ஊதி ஆளை விரட்டுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். விசில் ஊத யாராலும் முடியும். இன்றைக்கு எந்த மலையில் ஆளை இறக்குவது என்று முடிவு செய்வதுதான் வேலை. தேயிலை வயலை நாங்கள் மலை என்போம். எங்கள் தோட்டத்தில் நாலு டிவிஷன். ஒவ்வொரு டிவிஷனிலும் மலைகளுக்கு எண் உண்டு. ஒரு மலையில் கொழுந்து எடுத்துவிட்டால் அது மறுபடி துளிர்க்க நாள் பிடிக்கும். வெயில் காலத்தில் கூடுதலாகப் பிடிக்கும், மழையில் சீக்கிரம் வரும், பனிமூட்டம் இறங்கி நின்றுவிட்டால் யாருக்கும் தெரியாது. அவசரப்பட்டு ஆளை இறக்கினால் கூடை நிறையாது, பெண்கள் என் பரம்பரையையே திட்டுவார்கள். தள்ளிப்போட்டால் இலை முத்திவிடும், ஃபேக்டரியில் டீமேக்கர் திட்டுவார். அதனால் விடிந்ததும் மலையேறி இங்கே ஒரு செடி, அங்கே ஒரு செடி என்று துளிரை ஒடித்துப் பார்ப்பேன். இரண்டு இலையும் மொட்டுமாக டக்கென்று ஒடிந்தால் சரி. வளைந்து நார் இழுத்தால் நாள் தாண்டிவிட்டது.

இதை எல்லாம் மாதக் கடைசியில் போய்ப் பெரிய கிராணியிடம் ஒப்பிக்க வேண்டும். பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் கணக்கர். எங்களவர் பெயர் தில்லையம்பலம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தைப்பிங் பக்கம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, குளிருக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். பேசுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நிற்க வேண்டும். யாரையும் நீ என்று சொன்னதில்லை, எல்லாரும் அவருக்கு 'நீர்' தான். கோபம் வந்தால் 'நீங்கள்' என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால் ஆபீஸில் நிற்காமல் ஓடிவிடுவது நல்லது.

எந்த மலையில் கடைசியாக எப்போது கொழுந்து எடுத்தது, எதைக் கவ்வாத்து வெட்டி எவ்வளவு காலம் ஆனது, மழை எப்படி என்று கேட்டுக்கொண்டே வருவார். நான் சொல்லச் சொல்லப் பென்சில் ஓடும். கடைசியில் வரப்போகும் மாதத்தில் எந்த டிவிஷனில் எவ்வளவு கொழுந்து வரும் என்று சொல்லுவார். தோட்டத்து மேனேஜரான துரை அதைத்தான் கம்பெனிக்கு எழுதிப் போடுவார். மாதம் முடிந்து பார்த்தால் அவர் சொன்னதற்கும் தராசு சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வானத்தைப் பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்தபடியே இந்த மனுஷன் எப்படிச் சொல்கிறார் என்று எனக்கு மலைப்பாக இருக்கும். பயமாகவும் இருக்கும்.

இந்த மனுஷன்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு நம்பர் பார்த்தார்.

அவர் குவார்ட்டர்ஸில் முன்கூடத்துச் சுவர் முழுக்கப் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டியிருந்தார். வெள்ளைப் பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கோடு. பத்திரிகையில் வரும் முதல் பரிசு எண்ணை ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதில் ஏற்றுவார். ஒளிவுமறைவு கிடையாது, தண்ணீர் கேட்டு வருகிறவன்கூட நின்று பார்க்கலாம். அவர் வீட்டம்மாவுக்குத்தான் அது பிடிக்காது. சாமிப் படம் மாட்டச் சுவர் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே காப்பி கொண்டுவந்து வைப்பார்.

கணக்கு இதுதான், பிள்ளைகளே, நீங்கள் கேட்டது. நாலு இலக்க எண் என்பது நாலு டிவிஷன். ஒவ்வொரு டிவிஷனிலும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்து மலை. முதல் பரிசில் முதல் இலக்கம் மூன்று என்று வந்தால், முதல் டிவிஷனில் மூன்றாம் மலையில் கொழுந்து எடுத்தாயிற்று. இனி அது சும்மா கிடக்க வேண்டும். எந்த மலையில் ரொம்ப நாளாகக் கை வைக்கவில்லையோ அங்கேதான் கொழுந்து நிறைந்து நிற்கும். நாலு டிவிஷனிலும் அப்படி நிறைந்து நிற்கும் மலையைப் பார்த்து எடுத்தால் அடுத்த எண் கிடைத்துவிடும்.

எங்களுக்கு இது சொன்னவுடனே விளங்கியது. வெளியூர்க்காரன் ஒருவனுக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். நாங்கள் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்? எடுத்த மலை காலி, எடுக்காத மலை நிறைவு. அது பொய்யா?

பெரிய கிராணி ஒருமுறைகூட நம்பர் எடுத்ததில்லை. கணக்குப் பார்க்கிறவன் காசு போட்டால் கணக்கு கோணிவிடும் என்பார். அவர் சொன்ன எண்ணை லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளிகள் எடுப்பார்கள். எப்போதாவது ஏதோ ஆறுதல் பரிசு விழும், பல சமயம் ஒன்றும் விழாது. விழாதபோது, இன்னும் நாள் ஆகவில்லை என்பார். நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம்.

இதில் பெருமாள் எப்படி வந்தான் என்று சொல்ல வேண்டும். பெருமாள் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன், கவ்வாத்துக்காரன். கத்தியைப் பிடித்தால் செடியின் இடுப்பில் ஒரே வீச்சு, வெட்டின இடம் சீவின பனங்கிழங்குபோல் வழுவழுவென்று இருக்கும். மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள், பெயர் செல்வராணி. தானா ராத்தாவில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்தில் அதுவரை ஒரு பெண்பிள்ளை அந்தப் படிவம் வரை போனதில்லை. காலையில் கொழுந்து லோரியில் மெயின் ரோடு வரை போய், அங்கிருந்து பஸ். கியா பார்ம் ஏற்றத்தில் பஸ் திணறுகிற நேரத்தில் பாடம் படித்துவிடுவேன் மாமா என்று என்னிடம் சொல்லுவாள்.

அந்த வருஷம் நடுவில் பெருமாளுக்கு ஐம்பத்தைந்து முடிகிறது, ஓய்வு. ஓய்வு என்றால் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். வீட்டில் இன்னொருத்தர் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பேர் கொடுத்து வேலைக்கு இறங்கினால் மட்டும் வீடு நிற்கும். அதுதான் தோட்டத்து வழக்கம். மகளுக்குப் பரீட்சை வருஷக் கடைசியில். இடையில் நாலைந்து மாதம். வீட்டை விட்டால் கீழே சுங்கையில் இருக்கும் தம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். பாதி வருஷத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள்? வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் செல்வராணி புத்தகப்பையை வைத்துவிட்டுக் கூடையைத் தூக்க வேண்டும். சேமநிதிப் பணம் கைக்கு வர நாளாகும், வந்தாலும் தனியாக ஓர் இடம் பிடிக்கப் பத்தாது. ஒரு நம்பர் அடித்தால் கோலா தெர்லாவில் சின்னதாக ஒரு தகர வீடு பார்த்துவிடலாம். மகள் பரீட்சை எழுதிவிடுவாள்.

பெருமாள் அதுவரை நம்பர் பக்கம் போகாதவன். சித்திரை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து, விபூதி பூசி, என்னையும் கூட்டிக்கொண்டு பெரிய கிராணி வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் சிமெண்டில் குளிர நின்றான். பெரிய கிராணி கண்ணாடியைத் துடைத்தார். விஷயத்தைக் கேட்டதும் மறுபடி துடைத்தார். "பெருமாள், இதை நான் பொழுதுபோக்காகச் செய்யிறன். உம்முடைய பிள்ளையின் படிப்பை இதில் வைக்கவேண்டாம்" என்றார்.

"ஐயா கொழுந்துக் கணக்கு சொல்லித் தப்பினதில்லீங்களே" என்றான் பெருமாள்.

அதைக் கேட்டு உள்ளே கொஞ்சம் சந்தோஷப்பட்டாரோ என்னவோ. அன்றையிலிருந்து அவர் அந்தச் சுவரின் முன்னால் உட்கார்ந்த விதமே மாறிப்போனது. முன்பு ஞாயிறு மட்டும் பார்த்தவர், ஆபீஸ் விட்டு வந்ததும் பார்க்க ஆரம்பித்தார். பெருமாள் குலுக்கல் நாளில் காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு டவுனுக்குப் போய் நம்பர் எடுப்பான். கடை வாசலிலேயே நின்று, முடிவை எழுதிப் போட்ட பிறகுதான் திரும்புவான்.

செல்வராணிக்கு இது பிடிக்கவில்லை. ஒருநாள் நான் அவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும்போது அப்பனுக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இதைக் கணக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம்.

"குலுக்கி எடுக்கிற அந்த உருண்டைக்கு நேத்து என்ன வந்துச்சுன்னு ஞாபகம் இருக்காதுப்பா. ஒவ்வொரு தடவையும் புதுசு."

"தேயிலைக்கும்தான் ஞாபகம் இல்ல. நாள் ஆனா வளருதா இல்லியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல? அவள் சொன்னதும் சரியாக இருந்தது, இவன் சொன்னதும் சரியாக இருந்தது. இரண்டும் சரியாக இருக்க முடியாது என்று மட்டும் தெரிந்தது. எது தப்பு என்று கேட்டால் அன்றைக்கும் தெரியாது. இன்றைக்கு, உருண்டை வேறு செடி வேறு என்று ஒரு சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும், எனக்கும் அது தெரிகிறது. ஆனால் பெருமாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

எண்கள் வந்தன, மாறின, ஒன்றும் விழவில்லை. அவன் ஓய்வு பெறவேண்டிய மாதம் பிறந்தபோது பெரிய கிராணியின் கணக்கில் ஓர் எண் வந்து நின்றது. ஏழு, பூஜ்யம், நாலு, ஒன்பது. எங்கள் பேச்சில் ஏழு கோசோங் நாலு ஒம்பது. இதில் முதல் டிவிஷன் ஏழாம் மலைதான் விசேஷம். சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டி ஒரு தடவை வந்தது, அப்புறம் அந்த இடத்தில் ஏழு தலைகாட்டவே இல்லை. பெரிய கிராணி சிவப்புப் பென்சிலால் அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "நிறைந்து நிற்கிறது, கங்காணி" என்றார்.

பெருமாள் எடுத்தான். வரவில்லை. மறுபடி எடுத்தான். வரவில்லை. மற்ற மூன்று டிவிஷனிலும் அந்த மலைகளைத் தொடாமல் வேறு வேறு எண்கள் வந்ததால் கணக்கு மாறவில்லை, அதே ஏழு கோசோங் நாலு ஒம்பதுதான். லயத்தில் பாதிப் பேருக்கு அந்த எண் மனப்பாடம். பெண்கள் நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டே, இன்னிக்காவது ஏழு வருமா கங்காணி என்று என்னைக் கேலி செய்தார்கள். நான் எரிந்து விழுவேன். உண்மையில் எனக்கும் அதே நினைப்புதான்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறும் வரவில்லை. மறுநாள் வேலை விட்டதும் பெருமாளும் நானும் பெரிய கிராணி வீட்டுக்குப் போனோம். மூன்று பேரும் சுவரைப் பார்த்தபடி நின்றோம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பெருமாள் வழக்கமாக வாயைத் திறக்கமாட்டான். அன்று அவனாகவே பேசினான்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப நாளு கை வெக்காம விட்ட மலை நெறஞ்சுகிட்டே போவாதுங்க. ஒரு கட்டத்துக்கு மேல மொட்டு வெளிய வராது, எல முத்திரும். கவ்வாத்து வெட்டினாத்தான் மறுபடி தழையும். இந்த ஏழாம் மலை முத்திப்போச்சுங்க."

பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? எந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தாண்டிப்போன மலையில் ஆளை இறக்கி, கூடை கூடையாக முரட்டு இலையை ஃபேக்டரிக்கு அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

"அதை நான் யோசிக்கேல்லை" என்றார் பெரிய கிராணி. அப்புறம் ஏழைச் சுற்றியிருந்த சிவப்பு வட்டத்தை ரப்பரால் பொறுமையாக அழித்தார். அடுத்தபடியாக அதிக நாள் சும்மா கிடந்தது மூன்றாம் மலை. முதல் இலக்கத்தை மட்டும் மாற்றி, மூன்று, பூஜ்யம், நாலு, ஒன்பது என்று பெருமாளுக்குச் சொன்னார்.

அடுத்து வந்த ஞாயிறுதான் கடைசி. மறுநாள் திங்கட்கிழமையோடு பெருமாளின் வேலை முடிகிறது. சாயங்காலம் நான் லயத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் ஏற்றத்தில் வேகமாக வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்திருச்சு கங்காணி" என்றான்.

வாளியைப் போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்தேன். எது, மூன்றா என்று கேட்டேன்.

"ஏழு. ஏழு கோசோங் நாலு ஒம்பது. மொதப் பரிசு. கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு. நான்தான் கடைசி நேரத்துல கைய எடுத்துட்டேன்."

அவன் கையில் இருந்த சீட்டில் மூன்று கோசோங் நாலு ஒன்பது. அதைப் பார்த்தும் அவன் சிரிப்பு நிற்கவில்லை. நான் பயந்துவிட்டேன், புத்தி பேதலித்துவிட்டதோ என்று. பேதலிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம். இத்தனை மாதமாக நம்பினது பொய்யில்லை என்று தெரிந்துவிட்டதாம். முத்தின மலை தழையாது என்று அவன் சொன்னது சத்தியம், நான் ஆமாம் என்றதும் சத்தியம். அப்படியானால் ஏழு எப்படி வந்தது? ஏழு வந்தது சரி என்றால் நாங்கள் மலையில் பார்த்தது என்ன?

செல்வராணி பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"அது வராமலே இருந்திருக்கலாம்ப்பா" என்றாள். "வராம இருந்திருந்தா இதோட விட்டிருப்பீங்க."

பெருமாளுக்கு அது காதில் விழவில்லை. அடுத்து எந்த மலை என்று யோசிக்க ஆரம்பித்திருந்தான்.

அவள் சொன்னதுதான் நடந்தது. நம் தோட்டத்தில் அந்தக் கணக்கு பரவினதே அந்த ஞாயிற்றுக்குப் பிறகுதான். அதுவரை கேலி பண்ணினவர்கள்கூட ஞாயிறுதோறும் பெரிய கிராணி வீட்டுச் சுவரைப் பார்க்க வந்தார்கள். மூன்று இலக்கம் சரியாக வந்ததே, நாலாவதும் வந்ததே, ஆள்தானே மாற்றிவிட்டான் என்று லயமெல்லாம் பேச்சு. உங்கள் காதுவரை வந்து சேர்ந்தது அந்தப் பேச்சுதான், பிள்ளைகளே. பெரிய கிராணி ஓய்வு பெற்றுத் தைப்பிங் போகும்போது சுவரில் ஒட்டிய தாள்களைக் கிழித்து விறகடுப்பில் போட்டுவிட்டுப் போனார் என்று அவர் வீட்டம்மா சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமைக் காலையைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

விடியற்காலைப் பெரட்டு. ஆபீஸ் முன்னால் இருக்கும் களத்தில் எல்லாரும் வந்து நிற்க வேண்டும், பேர் கூப்பிட்டு வேலை பிரிப்போம். பனி இறங்கி, எதிரில் நிற்பவன் முகம் தெரியவில்லை. பெருமாள் கத்தியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். செல்வராணி அம்மாவின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். பெரிய கிராணி மேஜையில் செக்ரோலை விரித்து வைத்திருந்தார். ஏழு வந்த விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கண் சிவந்திருந்தது. பெருமாளைப் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்றி, பிள்ளையின் முழுப் பேரைச் சொல்லும் என்று என்னிடம் கேட்டார்.

"எழுதாதீங்க ஐயா" என்றாள் செல்வராணி. "நான் துரைகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

தோட்டத்தில் யாரும் துரையிடம் நேராகப் போய்ப் பேசுவதில்லை. தொழிலாளி கங்காணியிடம் சொல்ல வேண்டும், கங்காணி கிராணியிடம், கிராணி துரையிடம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படித்தான். வெள்ளைக்காரன் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்போதிருந்த துரை பேராக் பக்கத்து மலாய்க்காரர், அமைதியான மனுஷன், எங்களிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனாலும் நாங்கள் அந்தப் படியேற மாட்டோம். பெருமாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தான். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், படியேறி உள்ளே போய்விட்டாள்.

பெரிய கிராணி எழுந்து நின்றார். உட்கார்ந்தார். பேனாவின் மை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மலாயில் மெல்லப் பேச்சுக் குரல் கேட்டது, அவள் குரலும் துரை குரலும். சண்டை இல்லை, அழுகை இல்லை. ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்தாள்.

"பரீட்சை முடியற வரைக்கும் வீட்டுல இருக்கச் சொல்லிட்டாரு. இது ஏன் இவ்வளவு நாளு தன்கிட்ட வரலன்னு கேட்டாரு."

பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "நீர் என்ன சொன்னீர், பிள்ளை?" என்றார்.

"ஒண்ணும் இல்ல ஐயா. கேட்டேன்."

அவர் செக்ரோலை மூடினார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. சித்திரையிலிருந்து அந்த நாள் வரை நாங்கள் மூன்று ஆம்பளைகளும் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் தினமும் துரையின் அறைக்கு நாலு தடவை போய் வருகிறவர். நான் அவரிடம் நாள் தவறாமல் பேசுகிறவன். கங்காணி சொல்லட்டும் என்று கிராணி இருந்தாரா, கிராணிக்குத் தெரியாததா என்று நான் இருந்தேனா, பெருமாள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தானா? அப்படி நினைத்ததாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. துரையிடம் கேட்கலாம் என்ற யோசனையே யாருக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெரட்டு கலைந்தது. செல்வராணி வீட்டுக்குப் போய்ப் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க லோரிக்கு ஓடினாள். பெருமாள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றான். நான் போய்த் தோளில் கை வைத்தேன். அவன் ஆபீஸ் படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கங்காணி, கேட்டா குடுப்பாங்களா?" என்றான்.

அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அந்த மலைகளிலேயே முதுகு வளைந்தவன் கேட்ட கேள்வி அது.